கைபேசியில் உடற்கூறும் அறுவைத் திட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவ மாணவர்கள், எலும்பியல் முதுநிலைப் பயிற்சியில் இருப்பவர்கள், சிறு மருத்துவமனைகளில் தனியாக அறுவை செய்பவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதியது. திட்டமிடலுக்கு எடுத்துக்காட்டாக இடுப்பு மூட்டு மாற்று அறுவையை எடுத்திருக்கிறோம். கைபேசிச் செயலியை நம்பி அதிகம் தவறு நடக்கக்கூடிய இடம் அது.

உடற்கூறு படிக்கும் செயலியும் அறுவைக்குத் திட்டமிடும் செயலியும் ஒன்றுதானா?

இல்லை. முதலாவது யாரோ ஏற்கெனவே வரைந்து வைத்த உடலைக் காட்டுகிறது. காம்ப்ளீட் அனாட்டமி, விசிபிள் பாடி, பயோடிஜிட்டல் ஹியூமன் எல்லாம் இந்த வகை. இரண்டாவது வகை உங்கள் நோயாளியின் எக்ஸ்ரேயையோ சிடி ஸ்கேனையோ வாங்கி, அதன்மேல் அளந்து, செயற்கை மூட்டின் வரைபடத்தைப் பொருத்திப் பார்க்கும். ட்ராமாகேட், மெடிகேட், பீக்மெட் போன்ற மென்பொருள்கள் அந்த வேலைக்கானவை. மூன்றாவதாக, அறுவையின் படிகளை வரிசையாக ஒத்திகை பார்க்க உதவும் டச் சர்ஜரி போன்றவை உண்டு. அதை உருவாக்கிய லண்டன் நிறுவனத்தை 2020இல் மெட்ட்ரானிக் வாங்கியது. அடுத்த படி எது, எந்தக் கருவி என்று மனப்பாடம் ஆகும். திசு எவ்வளவு இழுத்தால் கிழியும் என்பது கண்ணாடித் திரையில் விளங்காது.

முதல் வகைச் செயலியில் தமனி ஓடும் இடத்தைப் பார்த்துவிட்டு, நோயாளியிடமும் அங்கேதான் ஓடும் என்று கத்தி வைப்பதுதான் இவற்றை ஒன்றெனக் குழப்பிக்கொள்வதன் உச்சம்.

செயலியில் இருக்கும் அந்த உடல் யாருடையது?

பெரும்பாலும் ஓவியர்கள் உருவாக்கிய ‘சராசரி’ உடல். உண்மை உடலிலிருந்து வந்த தரவுகளில் புகழ்பெற்றது அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் விசிபிள் ஹியூமன் திட்டம். 1994இல் ஓர் ஆணின் உடலை 1 மி.மீ. இடைவெளியில் சீவி எடுத்த படங்கள் வெளிவந்தன. 1995இல் ஒரு பெண்ணின் உடல், 0.33 மி.மீ. இடைவெளியில். அந்த ஆணுக்குக் குடல்வால் இல்லை, முன்பே அகற்றப்பட்டிருந்தது. உலகமே உடற்கூறு கற்ற உடலில்கூட ஓர் உறுப்பு குறைவு.

‘சராசரி’ உடலில் விடுபடுவது மாறுபாடு. தொடையின் பெரிய நரம்பான சயாட்டிக் ஆறேழு பேரில் ஒருவருக்கு இரண்டாகப் பிரிந்து, ஒரு பகுதி பிட்டத்திலுள்ள பிரிஃபார்மிஸ் தசையைத் துளைத்தோ அதன் மேலேயோ செல்கிறது. ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குச் சிறுநீரகத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தமனி உண்டு. செயலியில் மாறுபாடுகளுக்கெனத் தனிப் பகுதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

புத்தகத்தில் ‘காமன் பெரோனியல் நரம்பு’ என்று இருக்கிறது. செயலியில் தேடினால் வரவில்லையே?

‘காமன் ஃபிபுலர்’ என்று தேடுங்கள். 1998இல் வெளிவந்த பன்னாட்டுக் கலைச்சொல் பட்டியலான டெர்மினாலஜியா அனாட்டமிக்காவைப் பல செயலிகள் பின்பற்றுகின்றன. வகுப்பறையிலும் வார்டிலும் பழைய பெயர்களே புழங்குகின்றன. அட்ரீனல் சுரப்பி அங்கே சுப்ராரீனல். டக்ளஸ் பை அங்கே ரெக்டோயூட்டரைன் பை. ஆள் பெயர் கொண்ட எதையும் தேடும்போது அதன் விளக்கப் பெயரையும் போட்டுப் பாருங்கள்.

டிசெக்ஷன் (சவத்தை அறுத்துப் படிக்கும்) வகுப்புக்கு முன் செயலியை எப்படிப் பயன்படுத்துவது?

மேலிருந்து உரிப்பதைவிட அடியிலிருந்து கட்டுவது நல்லது. முழங்கை முன்குழியை, அதாவது ரத்தம் எடுக்கும் இடத்தை, எடுத்துக்கொள்வோம். முதலில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஹியூமரஸ், ரேடியஸ், அல்னா மூன்றை மட்டும் வையுங்கள். அடுத்து குழியின் தரையான பிரேக்கியாலிஸ், சூப்பினேட்டர். பிறகு இரு கரைகள்: வெளிப்பக்கம் பிரேக்கியோரேடியாலிஸ், உட்பக்கம் ப்ரொனேட்டர் டெரிஸ். இப்போது குழிக்குள் வெளியிலிருந்து உள்ளாகப் பைசெப்ஸ் தசைநாண், பிரேக்கியல் தமனி, மீடியன் நரம்பு. கடைசியாகப் பைசெப்ஸிலிருந்து உள்நோக்கிப் பரவும் தசைநாண் விரிப்பு, அதன்மேல் சிரை.

இந்த விரிப்பைப் பல செயலிகள் தொடக்கத்தில் காட்டுவதில்லை. தேடி இயக்க வேண்டும். மேலே இருக்கும் சிரைக்கும் கீழே இருக்கும் தமனி, நரம்புக்கும் நடுவில் இருக்கும் தடுப்பே அதுதான். ஊசி சற்று ஆழம் போனாலும் தப்பிப்பது இதனால்.

ஓர் உறுப்பை ‘மறை’ என்று அழுத்துவதைவிட ‘மங்கலாக்கு’ என்பதை அழுத்துங்கள். மறைத்துவிட்டால் எது எதன்மேல் கிடந்தது என்பதும் சேர்ந்து போய்விடும். முடித்ததும் உங்கள் கையை மடக்கித் தசைநாணைத் தொட்டு, அதன் உட்பக்கத்தில் நாடித் துடிப்பைத் தேடுங்கள். திரையில் பார்த்தது அப்போதுதான் உடலில் ஏறும்.

சவ மேடையில் எல்லாம் ஒரே சாம்பல் பழுப்பு நிறம். சிவப்புத் தமனி, நீலச் சிரை, மஞ்சள் நரம்பு என்று நிறத்தை வைத்து மட்டும் பழகியவர் முதல் நாளே திணறுவார். கொழுப்பும் இணைப்புத் திசுவும் செயலியில் அநேகமாக இல்லை. மேடையில் பாதி நேரம் அவற்றை விலக்கத்தான் போகிறது.

நோயாளிக்கு விளக்க இவற்றைக் காட்டலாமா?

தாராளமாக. தமிழில் இதற்குத் தனிப் பயன் உண்டு. பேச்சுத் தமிழில் ‘நரம்பு’ என்றால் நரம்பும்தான், சிரையும்தான், சில நேரம் தசைநாணும்தான். ஊசி போட ‘நரம்பு கிடைக்கவில்லை’ என்கிறோம்; கால் சிரை வீங்கினால் ‘நரம்பு சுருட்டிக்கொண்டது’ என்கிறோம். ‘ஜவ்வு கிழிந்துவிட்டது’ என்று வருபவருக்கு மெனிஸ்கஸ் (முழங்கால் குருத்தெலும்பு), லிகமென்ட் (எலும்புகளை இணைக்கும் நார்), முதுகெலும்புத் தட்டு மூன்றில் எதுவும் இருக்கலாம். படத்தைச் சுழற்றி விரலை வைத்துக் காட்டினால் இந்தக் குழப்பம் அரை நிமிடத்தில் தீரும். (19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணம் மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீனுக்கும் பெரிய வேலையாக இருந்தது சொல் தேடுவதுதான்.)

திரையில் உள்ள உடல் நம்மைப் பார்த்து நிற்பதால் அதன் வலது நம் இடப்பக்கம். நோயாளிக்குக் காட்டும்போது அதைத் திருப்பி, முதுகு அவரை நோக்கியிருக்கும்படி வையுங்கள். அவரது வலதும் படத்தின் வலதும் ஒரே பக்கம் வரும்.

வாட்ஸ்அப்பில் வந்த எக்ஸ்ரேயை வைத்துத் திட்டமிடலாமா?

முறிவு இருக்கிறதா என்று பேசிக்கொள்ளலாம். அளவு எடுக்கக் கூடாது. மருத்துவப் படம் டைகாம் கோப்பாக இருக்கும்போது, படத்தோடு ஒரு புள்ளிக்கு எத்தனை மி.மீ. என்ற தகவலும் வரும். புகைப்படமாக மாறியதும் அந்தத் தகவல் உதிர்ந்துவிடுகிறது, படமும் சுருங்குகிறது, ஆயிரக்கணக்கான சாம்பல் படிகள் 256 ஆகக் குறைகின்றன. செயலி எதையாவது வைத்து ‘52 மி.மீ.’ என்று காட்டினால் அது வெறும் எண்.

இன்னொரு பொறியும் உண்டு. உண்மையான டைகாம் எக்ஸ்ரேயிலும் (0018,1164) என்ற குறியில் இருக்கும் இடைவெளி, படம் பதியும் தட்டின் தளத்துக்கு உரியது. இடுப்பெலும்பு அந்தத் தட்டிலிருந்து பல செ.மீ. மேலே இருப்பதால் பெரிதாகி விழுகிறது. செயலி மி.மீ. காட்டுகிறதே என்று நம்பினால் எல்லாம் 15 முதல் 20 விழுக்காடு பெரிதாக வரும். சிடியில் இந்தச் சிக்கல் இல்லை, அங்கே மி.மீ. உண்மையான மி.மீ.தான்.

அப்படியானால் எக்ஸ்ரேயில் அளவை எப்படிச் சரிசெய்வது?

விட்டம் தெரிந்த உலோக உருண்டையை நோயாளியோடு சேர்த்துப் படம் எடுக்க வேண்டும். வழக்கமானது 25 மி.மீ. உருண்டை. அது எந்த உயரத்தில் இருக்கிறது என்பதில்தான் எல்லாம். தொடையெலும்பின் மேல் வெளிப்புற முண்டான கிரேட்டர் ட்ரோகேன்டரைக் கையால் தொட்டு, அதே உயரத்தில் வெளிப்பக்கமோ இரு தொடைகளுக்கு நடுவிலோ வையுங்கள். பருத்த உடல் என்றால் வெளிப்பக்க உருண்டை படத்துக்கு வெளியே போய்விடும். நடுவில் வைப்பதே வழி.

தவறினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எக்ஸ்ரே குழாயிலிருந்து தட்டுக்கு 115 செ.மீ.; மூட்டு தட்டிலிருந்து 20 செ.மீ. மேலே. பெருக்கம் 115 ÷ 95, அதாவது 1.21. 50 மி.மீ. இடுப்புக் குழி படத்தில் 60.5 ஆக விழும். உருண்டை சரியான உயரத்தில் இருந்தால் செயலி 60.5ஐ 1.21ஆல் வகுத்து 50 என்று சொல்லும். ஊழியர் உருண்டையை மேசைமேல் வைத்துவிட்டார், தட்டிலிருந்து 5 செ.மீ.தான் என்றால் பெருக்கம் 1.045 என்று செயலி நினைக்கும். குழிக்குள் பொருத்தும் செயற்கைக் கிண்ணமான கப் 58 மி.மீ. என்று வரும். 2 மி.மீ. படியில் வரும் கப்புகளில் இது நான்கு அளவு பெரிது. வயிற்றின்மேல் 30 செ.மீ. உயரத்தில் வைத்திருந்தால் 45க்கும் கீழே இறங்கும். ஆனால் 1 செ.மீ. மட்டும் பிசகினால் பிழை ஏறத்தாழ 1 விழுக்காடுதான், 50 மி.மீ. கப்பில் அரை மி.மீ. ஆகவே துல்லியத்துக்காக வதைய வேண்டாம், மேசைமேல் வைக்காமல் இருந்தால் போதும்.

உருண்டை 25 மி.மீ.யா, ஓர் அங்குலமான 25.4 மி.மீ.யா என்று ஒருமுறை வெர்னியரில் அளந்து எழுதி ஒட்டிவிடுங்கள். உருண்டை இல்லாத இடத்தில் 27 மி.மீ. விட்டமுள்ள பத்து ரூபாய் நாணயம் உதவும். சாய்ந்து விழுந்திருந்தால் நீள்வட்டமாகத் தெரியும், அப்போது நீண்ட விட்டத்தையே அளக்க வேண்டும். மறுபக்கத்தில் ஏற்கெனவே மாற்று மூட்டு இருக்கிறதா? அதன் தலையின் அளவு 28ஓ 36ஓ பழைய அறுவைக் குறிப்பில் இருக்கும். மூட்டின் உயரத்திலேயே இருப்பதால் அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

படமே சரியாக எடுக்கப்பட்டதா என்று எப்படித் தெரியும்?

இரு பாதங்களும் 15 பாகை உள்நோக்கித் திரும்பியிருக்க வேண்டும். தேய்ந்த மூட்டு வெளிநோக்கித் திரும்பியே இறுகியிருக்கும். அப்போது தொடையெலும்பின் கழுத்து குட்டையாகவும் அதன் கீழே உட்புறச் சிறு முண்டான லெஸ்ஸர் ட்ரோகேன்டர் பெரிதாகத் துருத்திக்கொண்டும் தெரியும். அதை அப்படியே டெம்ப்ளேட் செய்தால், அதாவது செயற்கை மூட்டின் வரைபடத்தைப் பொருத்தினால், ஆஃப்செட் (தலை மையத்துக்கும் தொடையெலும்பின் அச்சுக்கும் உள்ள தூரம்) குறைவாக வரும். அறுவைக்குப் பின் மூட்டு தளர்ந்து நிற்கும். நல்ல பக்கம் நேராக விழுந்திருந்தால் அதை வைத்துத் திட்டமிடுவதே மேல்.

டெம்ப்ளேட்டிங்கின் வரிசை என்ன?

முதலில் உருண்டையை அளவிடுங்கள். விளிம்பில் மூன்று புள்ளிகள் வைக்கும் முறை இரண்டு புள்ளிகளைவிட நம்பகமானது. பிறகு இரு டியர்ட்ராப்களின் (இடுப்புக் குழியின் அடியில் எக்ஸ்ரேயில் தெரியும் கண்ணீர்த்துளி வடிவம்) அடியைத் தொட்டு ஒரு கோடு. அதிலிருந்து இருபக்க லெஸ்ஸர் ட்ரோகேன்டர்களுக்குச் செங்குத்துத் தூரம். வேறுபாடே கால் நீள வேறுபாடு. இதை நோயாளியைப் படுக்கவைத்து அளந்ததோடு ஒப்பிடுங்கள். ஒத்துவரவில்லை என்றால் முதுகெலும்பு வளைவோ முழங்கால் மடக்கமோ எங்கோ ஒளிந்திருக்கிறது.

அடுத்து கப். 40 பாகைச் சாய்வில், உட்புறம் டியர்ட்ராப்பின் வெளி விளிம்பைத் தொடும்படி, கீழ் விளிம்பு டியர்ட்ராப் மட்டத்தில். அதன் மையத்தைக் குறியுங்கள். இனி அதுதான் புதிய சுழல் மையம்.

பிறகுதான் ஸ்டெம், அதாவது தொடையெலும்புக்குள் இறங்கும் தண்டு. தொடைக் குழாயை நிரப்பும் அளவைத் தேர்ந்து, மேலும் கீழும் நகர்த்தி நீளத்தைப் பாருங்கள். ஸ்டெம்மின் தலை மையம் கப் மையத்துக்கு எத்தனை மி.மீ. மேலே இருக்கிறதோ அத்தனை மி.மீ. கால் நீளும், கீழே இருந்தால் குறையும். தலை மையம் கப் மையத்துக்கு உட்பக்கமாக இருந்தால் ஆஃப்செட் கூடும். கடைசியாக, கழுத்தை வெட்டும் இடம் லெஸ்ஸர் ட்ரோகேன்டருக்கு எத்தனை மி.மீ. மேலே என்று எழுதிக்கொள்ளுங்கள். அறுவை அறையில் உண்மையில் கையில் எடுத்துப்போகும் எண் இந்த ஒன்றுதான். மீதி எல்லாம் இதற்கான ஏற்பாடு.

செயலியின் நூலகத்தில் இருக்கும் ஸ்டெம்மும் அலமாரியில் இருக்கும் ஸ்டெம்மும் ஒன்றா என்று பெட்டியில் உள்ள பெயர், தலைமுறை, எண் வரை ஒப்பிடுங்கள். பெயர் ஒன்றாக இருந்து வடிவம் மாறியிருப்பது உண்டு. வந்த அளவுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று எப்போதும் கைவசம் இருக்கட்டும்.

அளவுகோலே இல்லாத பழைய படத்தில் எதை நம்பலாம்?

கோணங்களை. பெருக்கம் நீளத்தை மாற்றும், கோணத்தை மாற்றாது. முதுகு வளைவின் காப் கோணம், முழங்கால் கோணம் இவற்றை உருண்டை இல்லாமலே அளக்கலாம். விகிதங்களும் அப்படியே. ஒரே நிபந்தனை, பிலிமைப் படம் பிடிக்கும்போது கைபேசி பிலிமுக்கு இணையாக நேராக இருக்க வேண்டும். சாய்த்துப் பிடித்தால் செவ்வகம் சரிவகமாகி கோணமும் கெடும். பிலிமின் நான்கு ஓரமும் சட்டத்துக்குள் நேராகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியும் காப் கோணத்தில் 5 பாகைக்குள் உள்ள வேறுபாட்டை வளைவு கூடிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சிடியைக் கைபேசியில் முப்பரிமாணமாகப் பார்த்தால் படிக்கட்டு போலத் தெரிகிறதே?

தடித்த சீவல்களைத் திறந்திருக்கிறீர்கள். ஒரே சிடி ஸ்கேனில் பல தொடர்கள் இருக்கும்: 5 மி.மீ. தொடர் அறிக்கை எழுதுவதற்கு, 0.6 முதல் 1 மி.மீ. தொடர் முப்பரிமாணத்துக்கு. மெல்லிய தொடரைக் குறுந்தகட்டில் போடாமல் விட்டிருந்தால் ஸ்கேன் மையத்தில் உடனே கேளுங்கள். சில நாள்களில் அழித்துவிடுவதும் உண்டு. எலும்புக்கான கூர்மைத் தொடரைவிட மென்மைத் தொடர் முப்பரிமாணத்துக்கு நல்லது. கூர்மைத் தொடரில் இரைச்சல் எல்லாம் துகள் துகளாக மேலே மிதக்கும்.

ஒரு சீவல் 512 × 512 புள்ளி, புள்ளிக்கு 2 பைட், ஆக அரை எம்பி. 600 சீவல் என்றால் 300 எம்பி. இதைத் தாங்காத கைபேசியில் சில செயலிகள் சொல்லாமலே பாதியாகக் குறைத்துக் காட்டும். 0.7 மி.மீ. புள்ளி 1.4 ஆகிவிடும், மெல்லிய முறிவுக் கோடு காணாமல் போகும். முப்பரிமாணம் துண்டுகளின் உறவைப் பார்ப்பதற்கு. கோட்டைத் தேடுவது சீவல்களில்தான்.

கணினியில் பிரித்தெடுத்த எலும்பைக் கைபேசிக்கு எப்படிக் கொண்டுவருவது?

3டி ஸ்லைசர், பிரேசிலில் உருவான இன்வெசாலியஸ் இரண்டும் இதற்கான இலவச மென்பொருள்கள். எலும்புக்கான அடர்த்தி வாசலை (எந்த அடர்த்திக்கு மேல் எலும்பு என்ற எல்லையை) வைத்துப் பிரித்தெடுங்கள். இன்வெசாலியஸின் முன்னமைவு 226 ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகில் (சிடியில் அடர்த்தியை அளக்கும் அலகு) தொடங்குகிறது. எலும்புத் தேய்வு உள்ள முதியவருக்கு அது உயரம்; தொடையெலும்பில் ஓட்டை ஓட்டையாக வரும், 150 வரை இறக்கிப் பாருங்கள். வாசலை இறக்க இறக்க முறிவின் இடைவெளி ஒட்டிக்கொள்ளும், இரு எலும்பு ஒன்றாகும். கண் குழியின் தரை போன்ற மெல்லிய எலும்பில் எந்த எண்ணும் சரிவராது. கையால் வரைய வேண்டியதுதான். சாயம் ஏற்றிய ஸ்கேனில் ரத்தக்குழாய்களும் எலும்போடு சேர்ந்து வரும்.

பிறகு பெரிய துண்டை மட்டும் வைத்துக்கொண்டு, முக்கோணங்களை இரண்டு மூன்று லட்சத்துக்குக் குறைத்து, முப்பரிமாண வடிவத்துக்கான எஸ்டிஎல் கோப்பாகச் சேமியுங்கள். எஸ்டிஎல்லில் அலகு கிடையாது. 48 என்பதை ஒரு செயலி மி.மீ. என்றும் இன்னொன்று மீட்டர் என்றும் படிக்கும். திறந்ததும் தொடையெலும்பின் தலையை அளந்து பாருங்கள். பெரியவருக்கு 40 முதல் 55 மி.மீ.க்குள் இல்லை என்றால் அலகு தவறு.

டைகாமுக்குப் பதில் படக் கோப்புகளாக ஏற்றினால் வரிசை தலைகீழாகி, வலது இடமாக மாறிய உடல் உருவாகும். மார்பு ஸ்கேன் என்றால் இதயம் காட்டிக்கொடுக்கும். கையோ காலோ என்றால் எதுவும் காட்டிக்கொடுக்காது.

கைபேசித் திரையில் நோயைக் கண்டறியலாமா?

2011 பிப்ரவரியில் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, மொபைல் எம்ஐஎம் என்ற செயலியை அனுமதித்தபோதே, பெரிய திரை கிடைக்காத நேரத்துக்கு மட்டும் என்றுதான் சொன்னது. அந்தச் செயலியில் ஓர் அழகான ஏற்பாடு உண்டு: திரையில் லேசாக நிறம் மாறிய ஒரு சிறு பகுதி தோன்றும், அதைக் கண்டு தொட முடிந்தால்தான் அறை வெளிச்சம் போதுமான அளவு குறைவு என்று பொருள். உங்கள் செயலியில் அது இல்லாவிட்டாலும் தானியங்கி வெளிச்சம், இரவு நிறம் இரண்டையும் அணைத்துவிட்டு, நிழலில் நின்று பாருங்கள்.

கேமரா வழியே நோயாளியின்மேல் முப்பரிமாண எலும்பைப் பொருத்திக் காட்டுகிறதே, அதை வைத்து ஸ்க்ரூ போடலாமா?

கூடாது. கைபேசி அசைய அசைய அந்தப் படம் மி.மீ. கணக்கில், சில நேரம் செ.மீ. கணக்கில் நழுவும். வெட்டு எங்கே என்று மாணவருக்குக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நோயாளியின் பெயரை நீக்கிவிட்டேன், பகிரலாமா?

எங்கெங்கே நீக்கினீர்கள்? டைகாமில் பெயர் (0010,0010), எண் (0010,0020), பிறந்த நாள் (0010,0030) எனத் தனித்தனிக் குறிகள் உண்டு. அல்ட்ராசவுண்டிலும் திரைப்பிடிப்பிலும் பெயர் படத்திலேயே எரிந்திருக்கும். குறியை அழித்தாலும் அது நிற்கும். கோப்புறையின் பெயரே நோயாளியின் பெயராக இருப்பதும் உண்டு. தலை சிடி என்றால் தோலின் முப்பரிமாணத்தை எழுப்பினால் முகமே வந்துவிடும்.

கைபேசியில் வாட்ஸ்அப் படங்கள் தானாகக் கேலரியில் சேர்ந்து, அங்கிருந்து கூகிள் போட்டோஸுக்கு ஏறுவதையும் நிறுத்துங்கள். இந்தியாவில் 2023ஆம் ஆண்டின் எண்ணிம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ‘குடும்பக் குழுவில் தவறிப் போய்விட்டது’ என்பது பதிலாகாது.

செயலிக்கு அரசு அனுமதி தேவையா?

படிக்கும் செயலிக்கு இல்லை. நோயாளியின் படத்தில் அளந்து சிகிச்சையைத் தீர்மானிக்க உதவும் மென்பொருள், இந்தியாவில் 2020 பிப்ரவரி 11 அறிவிப்பின்படி மருத்துவக் கருவி என்ற வரையறைக்குள் வருகிறது. அந்த அறிவிப்பு அதே ஆண்டு ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. செயலியின் ‘பற்றி’ பக்கத்தைத் திறந்து, ‘நோய் கண்டறிவதற்கு அன்று’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அளவுக் கருவிகள் எத்தனை இருந்தாலும் அதன் எண்ணை அறுவைக் குறிப்பில் எழுதாதீர்கள்.